கோஹா யாருடையது?

சென்ற ஆண்டு எங்கள் துறைக் கருத்தரங்கில் நூலக மென்பொருள் பற்றிக் கட்டுரை ஒன்று படித்தேன். கோஹா என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது, அதன் மூலநிரல் எவரும் படிக்கவும் திருத்தவும் திறந்து கிடக்கிறது, உலகெங்கும் ஆயிரக்கணக்கான நூலகங்கள் அதனைக் கையாளுகின்றன என்றெல்லாம் அடுக்கிக்கொண்டே போனேன். படித்து முடித்ததும் பின்வரிசையில் அமர்ந்திருந்த ஆசிரியர் ஒருவர் எழுந்து ஒரே ஒரு வினா எழுப்பினார். "எல்லாம் சரி தம்பி. நாளைக்கு இது பழுதானால் நாம் யாரிடம் போய் நிற்பது?"

அவையில் சிரிப்பு எழுந்தது. "உலகமே அதற்குப் பொறுப்பு, ஐயா" என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். உலகமே பொறுப்பு என்றால் ஒருவரும் பொறுப்பில்லை என்றுதான் பொருள். பேருந்து அரசலாற்றுப் பாலத்தைக் கடப்பதற்குள்ளாகவே இது எனக்கு உறைத்துவிட்டது. அந்த வினாவுக்கு விடை தேடிப் படித்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

வினா வெறும் வாதத்திற்காகக் கேட்கப்பட்டதன்று. பள்ளி விடுமுறையொன்றில் நான் உதவி செய்யப் போன ஒரு நூலகத்தில் நூற்பட்டியல் முழுவதும் ஒரு தனியார் மென்பொருளில் ஏற்றப்பட்டிருந்தது. அதனை விற்றவர் கடையை மூடிவிட்டார். கணினியும் ஒருநாள் நின்றுபோயிற்று. உள்ளே இருந்த தரவு எந்த வடிவில் இருந்தது என்பதை அறிந்தவர் எவரும் இல்லை. பழுப்பேறிய வரவுப் பதிவேடுகளைப் பார்த்து முதல் நூலிலிருந்து மறுபடியும் தட்டச்சு செய்தோம். விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கே இக்கதி என்றால், விலையில்லாப் பொருளைப் பற்றி ஆசிரியர் ஐயுறுவதில் வியப்பென்ன?

கட்டற்ற மென்பொருள் என்பதன் இலக்கணம் பலரும் அறிந்ததே. 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். அவ்வழி வந்த பொது உரிமம் நமக்கு நான்கு உரிமைகளை அளிக்கிறது: பயன்படுத்தலாம், படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். ஆனால் உரிமம் பேசுவது நிரலைப் பற்றி மட்டுமே. அந்நிரலின் பெயர் யாருடையது, அதன் இணைய முகவரி யார் பெயரில் பதிவாகியுள்ளது, நிரல் தங்கியிருக்கும் வழங்கிக் கணினிக்கு வாடகை கட்டுபவர் யார், கடவுச்சொல் யாரிடம் உள்ளது என்பன பற்றி அது ஒரு சொல்லும் சொல்வதில்லை. நிரலை ஆயிரம் பேர் படியெடுக்கலாம். பெயரும் முகவரியும் ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் இருக்க முடியும். வாய்க்காலைத் தூர் வாருவோர் பலர், மதகுச் சாவி ஒருவர் கையில் என்னும் நம் பக்கத்து நிலைமைதான் இது.

கோஹாவின் வரலாறு இச்சிக்கலுக்கே எழுதிவைத்தாற்போல் அமைந்திருக்கிறது.

நியூசிலாந்து நாட்டில் வெல்லிங்டனுக்கு வடக்கே லெவின் என்றொரு சிறு நகர் உள்ளது. அங்கே பொதுநூலகங்களை நடத்தி வந்தது ஹோரோஃபெனுவா நூலக அறக்கட்டளை. 1999-இல் அவர்களுடைய பழைய கணினி அமைப்புக்கு 2000-ஆம் ஆண்டுச் சிக்கல் வந்துற்றது. ஆண்டினை இரண்டு இலக்கங்களால் மட்டுமே குறித்த நிரல்கள் நூற்றாண்டு மாறும்போது தடுமாறும் என்று உலகமே அஞ்சிய காலம் அது. புதிய மென்பொருள் வாங்கப் பெரும்பணம் வேண்டும். அவர்கள் கட்டிபோ என்னும் சிறு நிறுவனத்தை அமர்த்தி இணைய உலாவி வழியே இயங்கும் ஒன்றைப் புதிதாக எழுதச் செய்தார்கள். (கட்டிபோ என்பது அந்நாட்டுச் சிலந்தியொன்றின் பெயர். வலை பின்னும் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது!) 2000 ஜனவரித் தொடக்கத்தில் அது நூலகத்தில் இயங்கத் தொடங்கியது.

எழுதி முடித்த மென்பொருளைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் பொது உரிமத்தின்கீழ் உலகுக்கு வழங்கினார்கள். இது முழுக்க வள்ளன்மையால் செய்த செயல் என்று நான் கருதவில்லை. நூலகத்திற்கு மென்பொருள் வணிகம் செய்யும் எண்ணம் இல்லை. எழுதிய நிறுவனமோ சிறியது. நாளை அது இல்லாவிடினும் வேறொருவர் பேணுவதற்கு வழி வேண்டும். எனவே திறந்து வைப்பதே பாதுகாப்பு என்று கண்டார்கள். நம் ஆசிரியர் கேட்ட வினாவை அவர்கள் 1999-இலேயே தமக்குள் கேட்டுக்கொண்டார்கள் எனலாம்.

மென்பொருளுக்கு இட்ட பெயரும் எண்ணத்தக்கது. கோஹா என்பது மாவோரி மொழிச் சொல். கொடை என்று பொருள் சொல்வார்கள். வெறுங்கொடை அன்று. ஒரு குடியினரின் கூடத்திற்கு விருந்தினராகச் செல்வோர் கொண்டுசெல்லும் பொருள் அது. பின்னொரு நாள் அது ஏதேனும் ஒரு வடிவில் திரும்பி வரும் என்னும் எதிர்பார்ப்பும் அதனுள் அடங்கியுள்ளது. நம் திருமண வீடுகளில் எழுதும் மொய்யைத் தவிர இதற்கு நேரான தமிழ்ச்சொல் எனக்குத் தோன்றவில்லை. மொய் பணத்தைக் காட்டிலும் மொய் நோட்டு முக்கியம் என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். கோஹாவின் வழக்கும் அந்த நோட்டு யார் வீட்டில் இருக்க வேண்டும் என்பதைப் பற்றியதே.

முதற்சில ஆண்டுகள் மொய் நன்றாகவே விழுந்தது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து நெல்சன்வில் பொதுநூலகம் தன் தேவைக்காகப் பணம் செலவிட்டு மார்க் என்னும் உலகப் பொதுப் பட்டியல் வடிவத்தைக் கோஹாவில் சேர்ப்பித்தது. பிரெஞ்சு நாட்டவர் சேர்ந்தனர். மொழிபெயர்ப்புகள் பெருகின. 2007-இல் கட்டிபோ தன் கோஹாப் பிரிவை லிப்லைம் என்னும் அமெரிக்க நிறுவனத்திற்கு விற்றது. அதனுடன் கோஹாவின் இணைய முகவரியும் கைமாறியது. அப்போது யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. லிப்லைம் நிறுவனம் பங்களிப்பவர்களுள் முன்னணியில் நின்ற ஒன்று. நல்ல கைகளுக்குத்தான் போயிற்று என்று எண்ணியிருப்பார்கள்.

2009-இல் நிலைமை மாறியது. அந்நிறுவனம் தன் வாடிக்கையாளருக்கெனத் தனிப் பதிப்பொன்றை அறிவித்தது. அதில் செய்த திருத்தங்கள் உடனுக்குடன் பொதுநிரலுக்கு வந்து சேரவில்லை. உரிமத்தை மீறினார்கள் என்று இதனைச் சொல்லிவிட முடியாது. நிரலின் படியைப் பிறருக்குக் கொடுக்கும்போதுதான் மூலத்தையும் கொடுக்கக் கடமை எழுகிறது. நிரலைத் தன் கணினியிலேயே வைத்துக்கொண்டு இணையம் வழியே சேவை மட்டும் அளித்தால் அக்கடமை எழுவதில்லை. சட்டத்தின் எழுத்து மீறப்படவில்லை, ஆனால் மொய் எழுதியவர்களின் மனம் புண்பட்டது. பொது இணையதளமும் அதே நிறுவனத்தின் கையில் இருந்தமையால், தமது வீட்டிலேயே தாம் குடிக்கூலியாய் இருப்பதைப் பங்களிப்போர் அப்போதுதான் உணர்ந்தார்கள்.

இனி எங்கே வைப்பது என்னும் ஆய்வு தொடங்கியது. பல மென்பொருள்களுக்குக் கூரையாக நிற்கும் பொதுநல அமைப்புகளை நாடலாமா, புதிதாக ஓர் அறக்கட்டளை நிறுவலாமா என்றெல்லாம் பேசினார்கள். முடிவில், தொடங்கிய இடமாகிய ஹோரோஃபெனுவா நூலக அறக்கட்டளையே சமூகத்தின் உடைமைகளைக் காக்கட்டும் என்று தீர்மானித்தார்கள். புதிய இணைய முகவரி ஒன்று பதிவாயிற்று. பழைய முகவரி பழைய இடத்திலேயே கிடக்க, ஆட்கள் அனைவரும் புதிய முகவரிக்குக் குடிபெயர்ந்தார்கள்.

இத்தேர்வு எனக்கு முதலில் விந்தையாகத் தோன்றியது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் செல்வமும் வழக்கறிஞர்களும் உள்ள அமைப்புகள் இருக்கையில், ஒரு சிறு நகரத்து நூலகத்தையா நம்புவது? பின்னர் எண்ணிப் பார்க்கையில் இதன் நுட்பம் புலப்பட்டது. அந்நூலகம் கோஹாவை விற்கவில்லை, நாள்தோறும் பயன்படுத்திற்று. மென்பொருள் கெட்டால் மறுநாள் காலை அவர்களுடைய மேசையில்தான் வாசகர் வந்து நிற்பார். விற்பவருக்குப் பல சரக்குகள் இருக்கலாம். பயன்படுத்துபவருக்கு இது ஒன்றே.

நிற்க. வழக்கு அத்துடன் முடியவில்லை. 2010-இல் லிப்லைமை பி.டி.எஃப்.எஸ். என்னும் மற்றொரு அமெரிக்க நிறுவனம் வாங்கியது. நியூசிலாந்திலேயே கோஹா என்னும் சொல்லை வணிகக்குறியாகப் பதிவு செய்யும் விண்ணப்பமும் நடந்து வந்தது. 2011 நவம்பரில் அது ஏற்கப்படும் நிலையை அடைந்தபோது, எதிர்த்து வழக்காடப் பொருளுதவி கேட்டு அச்சிறு அறக்கட்டளை உலகுக்கு வேண்டுகோள் விடுத்தது. மாவோரி மக்களின் அன்றாடச் சொல் ஒன்று வெளிநாட்டு நிறுவனத்தின் உடைமையாவதா என்று அந்நாட்டில் பெருங்கொதிப்பு எழுந்தது. பொதுநல அமைப்பொன்றுக்குக் குறியை மாற்றித்தர ஆயத்தம் என்று நிறுவனம் அறிவித்தது. எனினும் வழக்கு நீண்டு, 2013 டிசம்பரில்தான் பதிவு மறுக்கப்பட்டது.

நம் நாட்டாருக்கு இதில் ஒரு சிறு தொடர்பு உண்டு. அவ்வேண்டுகோள் வெளிவந்த அதே நவம்பரின் முதல் வாரத்தில்தான் கோஹா பயன்படுத்துவோரின் உலக மாநாடு மும்பைக்கு அருகே தானே நகரில் நடந்து முடிந்திருந்தது. அதற்கு முன்னர் பாரிசிலும் அமெரிக்காவிலும் வெல்லிங்டனிலும் கூடிய மாநாடு அது. இந்திய நூலகர்கள் கோஹாவை வெறுமனே வாங்கி நுகர்வோராக இல்லாமல், மொய் எழுதும் வரிசைக்கு வந்துவிட்டதற்கு அது அடையாளம்.

இனி, வைத்திருப்பது வேறு, பேணுவது வேறு என்பதைச் சொல்லியாக வேண்டும். நான் கருத்தரங்கில் குழப்பிக்கொண்டது இவ்விடத்தில்தான். அறக்கட்டளை பெயரையும் முகவரியையும் காத்தது. நிரலை எழுதியவர்கள் பல நாட்டுப் பலர். அவர்களுள் சம்பளத்திற்கு எழுதும் நிறுவனத்தாரும் உண்டு, ஓய்வு நேரத்தில் எழுதும் நூலகரும் உண்டு. ஒருவர் ஒரு திருத்தத்தை எழுதினால் அவரே அதனைச் சேர்த்துவிட முடியாது. இரண்டாமவர் சோதித்து ஒப்பமிட வேண்டும். தரம் பார்க்கும் குழுவினர் ஒருவர் மீண்டும் சோதிக்க வேண்டும். அதன் பிறகே வெளியீட்டு மேலாளர் பொதுநிரலில் இணைப்பார். ஆறு மாதத்திற்கு ஒருமுறை, மே மாதத்திலும் நவம்பரிலும், புதிய பதிப்பு வெளிவரும். ஒவ்வொரு பதிப்புக்கும் வெளியீட்டு மேலாளரைச் சமூகமே தேர்ந்தெடுக்கிறது. சாவி வைத்திருப்பவரும் உழைப்பவரும் வேறு வேறாக இருந்தமையால்தான், இணைய முகவரி பறிபோனபோதும் மென்பொருள் பிழைத்தது என்று நினைக்கிறேன்.

நல்ல இடத்தில் வைத்துவிட்டால் போதும் என்று எண்ணுவதற்கும் இடமில்லை. அப்பாச்சி அறக்கட்டளை 1999-இல் தோன்றியது. கட்டற்ற மென்பொருள்களைக் காப்பதில் அதனினும் பெயர்பெற்ற அமைப்புகள் சிலவே. அதன் கூரையின்கீழ் இருந்த லாக்4ஜே என்னும் சிறு நிரலில் 2021 டிசம்பரில் பெரிய ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. வங்கிகள் முதல் அரசுத்துறைகள் வரை உலகின் எண்ணற்ற அமைப்புகள் அந்நிரலை உள்ளே வைத்திருந்தன. அதனைப் பேணி வந்தவர்களோ விரல்விட்டு எண்ணத்தக்க தொண்டர்கள். கூரை வலுவானதுதான், ஆனால் உள்ளே அடுப்பெரிக்க ஆளில்லை.

இதற்கு மாறாக, ஆட்கள் இருந்து கூரை பிடிக்காமற்போன கதையும் உண்டு. ஓப்பன் ஆபிசை வைத்திருந்த சன் நிறுவனம் 2010-இல் ஆரக்கிள் கைக்குப் போயிற்று. எழுதுவோருள் பெரும்பகுதியினர் அவ்வாண்டிலேயே வெளியேறித் தனி அறக்கட்டளை கண்டு லிப்ரே ஆபிசைத் தொடங்கினர். மறு ஆண்டு ஆரக்கிள் ஓப்பன் ஆபிசை அப்பாச்சிக்கு அளித்துவிட்டது. பெயர் ஓரிடத்திலும் உழைப்பு மற்றோரிடத்திலும் நின்றன. காலப்போக்கில் மக்கள் உழைப்பின் பக்கமே சென்றார்கள். நம் கல்லூரிக் கணினிகளில் லிப்ரே ஆபிஸ் இருப்பது இக்காரணத்தால்தான்.

நம் நாட்டு நூலகங்களின் முன்னே உள்ள வழிகளையும் பார்க்கலாம். சோல் என்னும் மென்பொருளைக் காந்திநகரிலுள்ள இன்ஃபிலிப்நெட் மையம் ஆக்கித் தருகிறது. அம்மையம் பல்கலைக்கழக மானியக் குழுவைச் சார்ந்தது. இ-கிரந்தாலயாவை மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையம் அளிக்கிறது. இவற்றின் பெரும்பலம், வைத்திருப்பவர் அரசு என்பது. திடீரென்று கடை மூடும் அச்சமில்லை. குறை யாதெனின், நம் நூலகத்திற்கு ஒரு சிறு மாற்றம் வேண்டுமென்றால் நாமே செய்துகொள்ள இயலாது. விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். ஐதராபாத்தில் உருவான நியூஜென்லிப் மூன்றாம் வழி. மென்பொருள் நிறுவனம் ஒன்றும், கேசவன் நிலையம் என்னும் அறக்கட்டளையும் கூடி ஆக்கிய அது 2008-இல் பொது உரிமத்திற்கு வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் தேசிய நூலகர் பி. எஸ். கேசவனின் பெயர் தாங்கியது அந்நிலையம்.

தமிழில் தட்டச்சு செய்யும் நாம் ஒவ்வொருவரும் இச்சிக்கலைத் தொட்டே இருக்கிறோம், அறியாமல். இ-கலப்பை என்னும் தமிழ் விசைப்பலகை மென்பொருளைத் தமிழா குழுவினர் வழங்கினர். அதன் தொடக்ககாலப் பதிப்புகள் கீமேன் என்னும் பிறர் நிரலைத் தழுவியே ஓடின. பின்னர்தான் அதனைச் சாராத கட்டற்ற பதிப்பு வந்தது. அந்தக் கீமேனோ 1993-இல் லாவோ மொழியை எழுதுவதற்காகத் தொடங்கப்பட்டு, ஒரு சிறு நிறுவனத்தின் உடைமையாய் இருந்தது. 2015-இல் சிற்றினங்களின் மொழிகளுக்காக உழைக்கும் எஸ்.ஐ.எல். என்னும் தொண்டு அமைப்பு அதனை ஏற்றுக்கொண்டது. அதன் பிறகே கீமேன் விலையின்றியும் திறந்த மூலத்துடனும் கிடைக்கலாயிற்று. வைத்திருப்பவர் மாறினால் பொருளின் இயல்பே மாறும் என்பதற்கு, இம்முறை நல்ல திசையில், இது ஓர் எடுத்துக்காட்டு.

நமக்கு வடக்கே, தரங்கம்பாடியையும் கடந்து சென்றால் சீர்காழி. இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ். ஆர். அரங்கநாதன் 1892-இல் பிறந்த ஊர். 1931-இல் அவர் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் கடைசியானது நூலகத்தை வளரும் உயிராகக் காண்கிறது. அலமாரி கூடும், வாசகர் கூடுவர், பட்டியல் நீளும். நூலகம் அவ்வாறு வளருமாயின் அதன் மென்பொருளும் உடன் வளர்ந்தாக வேண்டும். வாங்கி வைத்துவிட்டுப் பூட்டும் பொருளாக அதனைக் கருதுவோர் இவ்விதியை மறந்தவர் ஆவர்.

இவ்வளவும் படித்தபின் எனக்குத் தோன்றுவது இது. பெயரும் முகவரியும் சாவியும் அதனைப் பயன்படுத்துவோரின் அமைப்பிடம் இருக்கட்டும். தொழில் செய்யும் நிறுவனங்கள் பணம் பெற்றுக்கொண்டு நிறுவித் தரட்டும், பழுது பார்க்கட்டும். அதில் தவறொன்றும் இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் அவ்வாறு இருப்பதே நல்லது. அரசு பொருளுதவி செய்யட்டும். பயன்படுத்துவோரின் அமைப்புக்கும் குறை உண்டு என்பதை மறுக்கவில்லை. அது ஏழை அமைப்பு. வழக்கு வந்தால் கையேந்த வேண்டியிருக்கும், ஹோரோஃபெனுவாவுக்கு நேர்ந்ததைப் போல. அறக்கட்டளைகளும் கலைவதுண்டு. எனவே யாரிடம் வைப்பது என்னும் வினாவைச் சில ஆண்டுகளுக்கொரு முறை மறுபடியும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

பழுதானால் யாரிடம் போவது என்பதற்கும் இப்போது விடை சொல்ல முடிகிறது. சிறு பழுதென்றால் நிறுவித் தந்தவரிடம். அவர் இல்லையென்றால் அதே தொழிலைச் செய்யும் வேறொருவரிடம். நிரலிலேயே பிழையென்றால் பொது முறையீட்டுப் பதிவேட்டில் எழுதலாம். அது எவரும் காணக் கிடக்கிறது. எவரும் கிடைக்காத நிலை வந்தாலும் பட்டியல் முழுவதையும் மார்க் வடிவில் எடுத்துக்கொண்டு வேறு மென்பொருளுக்குக் குடிபோகலாம். பதிவேட்டைப் பார்த்து முதலிலிருந்து தட்டச்சு செய்ய வேண்டியதில்லை.

இவ்விடையுடன் சென்ற மாதம் அந்த ஆசிரியரைக் காணச் சென்றேன். பொறுமையாகக் கேட்டார். கருத்தரங்குக்குப் பிறகு எங்கள் துறையின் மூன்று அலமாரி நூல்களுக்குக் கோஹாவை நானே நிறுவியிருந்தேன். அதனைத் திறந்து காட்டச் சொன்னார். காட்டினேன். "இந்த வழங்கிக் கணினியின் கணக்கு யார் பெயரில் இருக்கிறது?" என்றார்.

என் பெயரில், என் கைப்பேசி எண்ணில். கடவுச்சொல்லும் எனக்கு மட்டுமே தெரியும். வருகிற ஏப்ரலில் நான் தேர்வெழுதிவிட்டுக் கல்லூரியை விட்டுச் செல்கிறேன்.

கணக்கைத் துறையின் பெயருக்கு மாற்றவும், கடவுச்சொல்லை உறையிலிட்டு நூலகரிடமும் துறைத்தலைவரிடமும் ஒவ்வொரு படி ஒப்படைக்கவும், மாதந்தோறும் பட்டியலின் மார்க் படியை எடுத்து வைக்க இரண்டாமாண்டு மாணவர் இருவரை அமர்த்தவும் அனுமதி வேண்டி முதல்வருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். துறைத்தலைவரின் பரிந்துரை ஆகிவிட்டது. இம்மலர் அச்சேறும்போது கடிதம் அலுவலகத்தில் இருக்கிறது.